உங்களுக்குத் தெரியுமா? அருங்காட்சியகங்களில் மாற்றுத்திறனாளிகளின் வரலாறு

● கெய்ரோவின் எகிப்திய அருங்காட்சியகத்தில் ஒரு குடும்பச் சிலை இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் செதுக்கி வண்ணம் பூசியது. உயரம் ஓரடியைக் கொஞ்சம் தாண்டும், வயது சுமார் 4,500 ஆண்டுகள். கணவர் செனெப், அரண்மனை ஆடைப் பொறுப்பும் மறைந்த மன்னர்களுக்கான பூசைப் பொறுப்பும் வகித்த பெரிய அதிகாரி. பிறவியிலேயே உயரம் குன்றியவர். சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி செனெதிதெஸ் அவர் தோளைச் சுற்றிக் கைபோட்டு அமர்ந்திருக்கிறார். வேறு தம்பதி சிலைகளில் கணவனின் கால்கள் தொங்கும் இடத்தில், இங்கே அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் வாயில் விரல் வைத்தபடி நிற்கிறார்கள். 1926–27-இல் கிசாவில் ஹெர்மன் யுங்கர் அகழ்ந்தெடுத்தது இது. செனெப்பின் குட்டையான கைகளைச் சிற்பி மறைக்கவில்லை. அதை மட்டுமே அவருடைய அடையாளமாகவும் ஆக்கவில்லை. பதவியும் மனைவி மக்களும் உள்ள ஒரு மனிதராக அவரைக் காட்டியிருக்கிறார். பின்னால் வந்த நாலாயிரம் ஆண்டுக் கலையில் இப்படியொரு பார்வை அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

● அதே எகிப்தில் கிடைத்த இன்னொரு பொருள், மரத்தாலும் தோலாலும் செய்த கால் கட்டைவிரல். லக்சருக்கு எதிர்க்கரையில் ஒரு கல்லறையில், ஒரு பெண்ணின் மம்மியோடு இருந்தது. காலம் கி.மு. 950-க்கும் 710-க்கும் இடைப்பட்டது. சடலத்தை முழுமையாக்க வைத்த சடங்குப் பொருளா, வாழ்ந்தபோது மாட்டி நடந்ததா என்று கேள்வி எழுந்தது. அதேபோன்ற விரலைச் செய்து, வலது கட்டைவிரல் இல்லாத தன்னார்வலர்களை எகிப்தியச் செருப்போடு நடக்கவைத்துப் பார்த்தார் மான்செஸ்டர் ஆய்வாளர் ஜாக்கி ஃபின்ச். நடக்க உதவியது. அந்தப் பெண்ணின் பாதத்துக்கு ஏற்றபடி அதைப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பிறகு பாசெல் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். அளவு சரியில்லை, வலிக்கிறது, மறுபடி செதுக்கிக் கொடு என்று கேட்டிருப்பார் போலும் அந்த அம்மா. அறியப்பட்ட மிகப் பழைய செயற்கை உறுப்புகளில் இது ஒன்று.

● வெலாஸ்கேஸ் 1656-இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் வலது மூலையில் நிற்கும் இருவர் பெயர் மரிபார்போலா, நிகொலாசிட்டோ பெர்ட்டுசாட்டோ. இருவரும் உயரம் குன்றியவர்கள், ஸ்பெயின் அரண்மனையில் வேடிக்கைக்காக வைக்கப்பட்டவர்கள். அதே அரண்மனையின் செபாஸ்டியன் தே மோர்ராவைத் தனியாகவும் வரைந்தார் வெலாஸ்கேஸ். தரையில் கால் நீட்டி, முஷ்டிகளை இடுப்பில் ஊன்றி, நம்மை நேராகப் பார்க்கிறார் மோர்ரா. அரண்மனை சிரிப்பதற்காக வைத்திருந்த ஒருவரைப் பார்த்துச் சிரிக்கவே முடியாதபடி வரைந்திருக்கிறார் ஓவியர். மாட்ரிடின் பிராதோ அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

● லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்கு மூலைப் பீடங்களில் ஒன்று நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. அங்கே 2005-இல் மார்க் குயின் செதுக்கிய 3.55 மீட்டர் உயரமுள்ள வெள்ளைப் பளிங்குச் சிலை ஏறியது. அதில் இருப்பவர் ஓவியர் ஆலிசன் லாப்பர். பிறவியிலேயே இரு கைகளும் இல்லாதவர், கால்கள் குட்டையானவர். எட்டு மாதக் கர்ப்பிணியாக, ஆடையின்றி அமர்ந்த கோலம்.

பொது இடத்தில் இதையெல்லாம் வைக்கலாமா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. ஆனால் அதே சதுக்கத்தின் நடுவே, தூணின் உச்சியில் நிற்கும் கடற்படைத் தளபதி நெல்சன் யார்? 1794-இல் கார்சிகாவில் வலக்கண் பார்வையையும், 1797-இல் டெனரிஃபில் வலக்கையையும் இழந்தவர். சிலையிலேயே அந்தக் கை கிடையாது. வெறும் சட்டைக் கைதான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக லண்டன்வாசிகள் ஒரு மாற்றுத்திறனாளியை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். போரில் போன கைக்கு வீரம் என்று பெயர், பிறப்பிலேயே இல்லாத கைக்கு மட்டும் கூச்சமா? லாப்பரின் சிலை 2007 வரை அங்கே இருந்தது. அதன் மாபெரும் பிரதி 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவிலும் இடம்பெற்றது.

● அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான சண்டை நடந்தது. அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் 1921-இல், 39 வயதில், இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் இயக்கத்தை இழந்தார். அதன் பிறகுதான் நான்கு முறை அதிபர் தேர்தலில் வென்றார். சாதாரண நாற்காலியில் சக்கரம் பொருத்திய வண்டியில்தான் வீட்டுக்குள் நடமாட்டம். ஆனால் அவர் சக்கர நாற்காலியில் இருக்கும் படங்கள் ஒரு சிலவே கிடைக்கின்றன.

வாஷிங்டனில் 1997-இல் திறந்த அவருடைய நினைவகத்திலும் இதே கதை. நாற்காலியில் அமர்ந்த பெரிய சிலை, அதன்மேல் பெரிய போர்வை. நாற்காலிக்குச் சக்கரம் உண்டு என்பது பின்னால் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். மாற்றுத்திறனாளி அமைப்புகள் கொதித்தன. பார்வையற்றோருக்காக என்று வைத்த பிரெயில் புள்ளிகளும் தவறான இடைவெளியில், சில இடங்களில் எட்டடி உயரத்தில் இருந்தன. படிக்க வேண்டியவரின் விரலே எட்டாத எழுத்து! போராடியவர்கள் வெறும் கண்டனத்தோடு நிற்கவில்லை. 16.5 லட்சம் டாலர் திரட்டினார்கள். 2001 ஜனவரியில் நினைவகத்தின் வாசலிலேயே இன்னொரு சிலை வந்தது: அந்தச் சக்கர நாற்காலியில், ஆளளவு ரூஸ்வெல்ட், பீடம் எதுவும் இல்லாமல் தரை மட்டத்தில். இன்று வருகிற குழந்தைகள் ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொள்கிறார்கள்.

● ‘தொடாதீர்கள்’ என்ற பலகை அருங்காட்சியகங்களோடு கூடப் பிறந்ததல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியனுக்கு 1710-இல் வந்த ஜெர்மானியப் பயணி உஃபென்பாக், வந்தவர்கள் எல்லாரும் எதையும் கையில் எடுத்துப் பார்க்கிறார்களே என்று குறைபட்டு எழுதிவைத்திருக்கிறார். பொதுமக்கள் கூட்டம் பெருகிய பிறகுதான் பொருளுக்கும் ஆளுக்கும் நடுவில் கண்ணாடி வந்தது. பார்வையுள்ளவருக்கு அதனால் பாதிதான் நஷ்டம். பார்வையற்றவருக்கு அன்றோடு வாசலே மூடிவிட்டது.

அதைத் திறந்து பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்த சார்ல்டன் டியஸ். 1913-இல் ஊர்ப் பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து, பாடம் செய்த விலங்குகளையும் எலும்புகளையும் கைக்குக் கொடுத்தார். தடவிப் பார்த்ததைப் பிள்ளைகள் களிமண்ணில் செய்து காட்டினார்கள். பெரியவர்களுக்கும் பிறகு தொடர்ந்து வகுப்பு நடந்தது. அந்த வகுப்புகளின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன.

● இத்தாலியின் அன்கோனா நகரில் ஒரு தம்பதி, ஆல்டோ கிராசினியும் டானியேலா பொட்டேகோனியும். இருவருக்கும் பார்வை இல்லை. ஊர் ஊராகப் பயணம் போவதில் ஆசை உள்ளவர்கள். போன அருங்காட்சியகங்களிலெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. நம் ஊரிலேயே ஒன்றை உண்டாக்கிவிடலாம் என்று இறங்கினார்கள். 1993-இல் பிறந்தது ‘மூசெயோ ஓமெரோ’. பார்வையற்றவர் என்று மரபு சொல்லும் கவி ஹோமரின் பெயர் அது. பார்த்தினான், பாந்தியன் மாதிரிகளையும் புகழ்பெற்ற சிற்பங்களின் பிரதிகளையும் விரல் போகும் இடமெல்லாம் தொடலாம். 1999-இல் இத்தாலிய நாடாளுமன்றம் அதை அரசு அருங்காட்சியகமாக ஆக்கியது. மாட்ரிடிலும் பார்வையற்றோர் அமைப்பான ஓன்சே 1992 முதல் இப்படி ஒன்றை நடத்துகிறது. புது டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 22 பிரதிகளோடு அமைந்த ‘அனுபவ்’ என்ற தொட்டுணரும் கூடம் 2015-இல் வந்தது.

● பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயிலின் உடல் ஓரிடத்தில், கைகள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. அவர் இறந்து நூறாண்டு ஆனபோது, 1952-இல், பிரான்ஸ் அவர் உடலைப் பாரிசின் பாந்தியோனுக்கு எடுத்துச் சென்றது. சொந்த ஊரான கூவ்ரே மக்கள் கைகளை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். மூன்று வயதில் அப்பாவின் சேணப் பட்டறையில் கூர்மையான கருவி கண்ணில் குத்திய அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

● சாரா பிஃபின், 1784-இல் இங்கிலாந்தின் சோமர்செட்டில் பிறந்தவர். கைகள் இல்லை, கால்களும் வளரவில்லை. வாயாலும் தோளாலும் தைக்கவும் எழுதவும் வரையவும் தானாகவே கற்றுக்கொண்டார். டியூக்ஸ் என்ற ஆள் அவரை ஒப்பந்தத்தில் கட்டி, சந்தைச் சந்தையாகக் கூடாரம் போட்டுக் காசு வாங்கிக் காட்டினார். ஒரு சந்தையில் அவர் வரைந்ததைக் கண்ட மார்ட்டன் பிரபு அவருக்கு முறையான பயிற்சி கிடைக்க வழி செய்தார். 1821-இல் கலைச் சங்கத்தின் பதக்கம் கிடைத்தது. உள்ளங்கை அளவு தந்தத் தகட்டில் நுணுக்கமான உருவப்படம் வரைவதில் பேரெடுத்தார். தன் கையெழுத்தோடு ‘கைகளின்றி வரைந்தது’ என்றும் சேர்த்துக்கொள்வார். அதைப் பரிதாபம் தேடும் வரியாக நான் படிக்கவில்லை. கூடாரத்தில் காட்சிப்பொருளாக இருந்தவர், தன்னைப் பற்றிய விளம்பரத்தைத் தன் வசமே எடுத்துக்கொண்டார். 1850-இல் லிவர்பூலில் காலமானார். பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டார். 2022-இல் லண்டனில் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது.

● முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன ஓவியர் ரெனுவாருக்குத் தூரிகையைக் கையில் கட்டிவிடுவார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கட்டுத்துணி இருந்தது உண்மைதான். அது தோல் புண்ணாகாமல் இருக்கச் சுற்றியது. தூரிகையை அவரே பிடித்தார். தெற்கு பிரான்சின் கான்யிலுள்ள அவர் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஓவிய அறையில் அவருடைய சக்கர நாற்காலியும் இருக்கிறது.

● ஓவியர் ஃபிரிடா காலோ 1954-இல் இறந்ததும், அவருடைய பொருள்களை மெக்சிகோ நகரத்து நீல வீட்டின் குளியலறையில் வைத்துப் பூட்டச் சொன்னார் கணவர் டியேகோ ரிவேரா. கதவு திறந்தது 2004-இல். ஏறத்தாழ 300 உடைகளும் அணிகலன்களும், அவரே வண்ணம் தீட்டிய இடுப்புக் கட்டுகளும், சிவப்புப் பூட்சு போட்ட செயற்கைக் காலும் வெளியே வந்தன. 2018-இல் லண்டனிலும் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். உயிரோடிருக்கையில் மெக்சிகோவில் நடந்த அவருடைய முதல் தனிக் கண்காட்சியின்போது, 1953-இல், மருத்துவர்கள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றிருந்தார்கள். கட்டிலைக் கூடத்துக்கு அனுப்பிவைத்துவிட்டு ஆம்புலன்சில் வந்து அதில் படுத்துக்கொண்டு விருந்தினரை வரவேற்றார்.

● சாந்திநிகேதனத்தின் இந்தி பவனத்துச் சுவர்களில் 1946–47-இல் வினோத் பிஹாரி முகர்ஜி வரைந்த சுவரோவியம் இருக்கிறது. இடைக்காலப் பக்தர்களின் வாழ்வு அதன் பொருள். நம் ராமானுஜர் வருகிறார், கபீர் வருகிறார், பார்வையற்ற கவி சூர்தாசும் வருகிறார். ஈரச் சுண்ணத்தின் மேல், காய்வதற்குள் வரைந்து முடிக்கவேண்டிய கடினமான முறை. வரைந்தவருக்கோ பிறவியிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லாத குறை, மற்றதில் கடும் கிட்டப்பார்வை. சுவருக்கு மிக அருகில் நின்று வரைந்தால்தான் அவருக்குத் தெரியும். அவ்வளவு பெரிய சித்திரத்தின் மொத்த அமைப்பும் மனதில்தான் இருந்தாக வேண்டும்.

1950-களின் பிற்பகுதியில் கண்புரை அறுவைக்குப் பின் மிச்சமிருந்த பார்வையும் போனது. அவர் நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், கைக்கு வசமான மெழுகிலும் களிமண்ணிலும் உருவம் செய்தார். 1972-இல் கலாபவனச் சுவருக்குப் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சித்திரம் அமைத்தார். அங்கே அவரிடம் படித்த சத்யஜித் ரே, அதே ஆண்டு ‘தி இன்னர் ஐ’ என்ற ஆவணப்படம் எடுத்தார். ஆசிரியரைப் பற்றி மாணவர் எடுத்த படம் என்பதால் அதில் இரக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வேலை மட்டும்தான் பேசப்படுகிறது. மாற்றுத்திறனாளிக் கலைஞரைப் படமெடுக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இருபது நிமிடம் அது.

● தமிழில் இரட்டைப் புலவர்கள், இளஞ்சூரியரும் முதுசூரியரும். ஒருவருக்கு நடக்க முடியாது, ஒருவருக்குப் பார்வை கிடையாது. பார்வையற்றவர் தோளில் நடக்க முடியாதவர் ஏறிக்கொண்டு வழி சொல்ல, ஊர் ஊராகப் பாடித் திரிந்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. ஒருவர் வெண்பாவின் முதல் பாதியைச் சொல்ல மற்றவர் முடிப்பாராம். தோளில் ஏறிய கதை எல்லாருக்கும் தெரிகிறது. காஞ்சி ஏகாம்பரநாதர் உலாவும் தில்லைக் கலம்பகமும் அவர்கள் இயற்றியவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று வயதில் பெரியம்மையில் பார்வை இழந்து ராமநாதபுரம் அரசவைப் புலவராகத் திகழ்ந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலருக்கும் இதே நிலைதான். குறை நினைவிருக்கிறது, நூல் நினைவில்லை.

● இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003–04-இல் பிரிட்டன் அருங்காட்சியகங்களின் கிடங்குகளைத் துருவினார்கள். மாற்றுத்திறனாளிகள் வரைந்தவை, செய்தவை, பயன்படுத்தியவை, அவர்களைப் பற்றியவை என்று எதிர்பார்த்ததைவிட ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி காட்சிக்கு வந்ததே இல்லை. வந்த சிலவற்றின் குறிப்பட்டையிலும் அந்தச் செய்தி இல்லை. ஆய்வறிக்கைக்கு அவர்கள் வைத்த தலைப்பு, ‘அடிக்குறிப்புகளில் புதைந்தவை’.

● ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரின் பிரின்ட்ஸ்ஹார்ன் தொகுப்பில் ஆயிரக்கணக்கான ஓவியங்கள் உள்ளன, எல்லாம் மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் வரைந்தவை. அவர்களில் ஒருவர் ஃபிரான்ஸ் கார்ல் பியூலர். இரும்பில் கலைவேலை செய்த கைவினைஞர், 1893 சிகாகோ கண்காட்சியில் பரிசு பெற்றவர், பிறகு பல பத்தாண்டுகள் மருத்துவமனைவாசி. நாஜிகள் தங்கள் நடமாடும் ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் இந்தத் தொகுப்பின் படங்களை மாட்டி, நவீன ஓவியர்களும் இப்படித்தான் வரைகிறார்கள் என்று ஏளனம் செய்தார்கள். ஏளனம் அதோடு நிற்கவில்லை. 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்டு வரை ஆறு இடங்களில் நச்சுவாயு அறைகளில் 70,000-க்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் கொன்றார்கள். பியூலர் 1940-இல் கிராஃபெனெக்கில் கொல்லப்பட்டார். இந்தக் கொலைத் திட்டத்தை நடத்திய அலுவலகம் இருந்த பெர்லின், டியர்கார்டன் தெரு 4-ஆம் எண் மனையில் 2014-இல்தான் நினைவிடம் வந்தது: 24 மீட்டர் நீள நீலக் கண்ணாடிச் சுவர். அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

● நியூயார்க் மாநிலத்தின் வில்லார்டு மனநல மருத்துவமனை 1995-இல் மூடப்பட்டபோது, பரணில் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடந்தன. உள்ளே அனுமதிக்கப்பட்ட நாளில் நோயாளிகள் கொண்டுவந்தவை, திரும்ப எடுத்துப்போக ஆளில்லாதவை. மாநில அருங்காட்சியகம் அவற்றைக் காப்பாற்றி 2004-இல் காட்சிக்கு வைத்தது.

● ஜூடித் ஸ்காட் டவுன் நோய்க்குறியோடு பிறந்தவர், காதும் கேட்காது. காது கேட்காததை யாரும் கவனிக்காமல், கல்வி புகட்ட முடியாத பிள்ளை என்று முடிவுகட்டி விடுதிக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 35 ஆண்டுகள் அங்கேயே போயின. இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் சட்டப்படி பொறுப்பேற்று வெளியே அழைத்துவந்தார். ஓக்லாந்தின் கலைக்கூடம் ஒன்றில் நூலும் கம்பளி இழையும் கையில் கிடைத்ததும், கிடைத்த பொருளையெல்லாம் சுற்றிச் சுற்றி ஆளுயரச் சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். 2014-இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. அவர் 2005-இலேயே இறந்துவிட்டார்.

● எட் ராபர்ட்ஸ் 14 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். கலிபோர்னியா மறுவாழ்வுத் துறை, வேலை பார்க்கவே முடியாத அளவுக்கு ஊனம் என்று கூறி அவருடைய படிப்புக்கு உதவ மறுத்தது. போராடி 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1975-இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரே இயக்குநராக வந்து அமர்ந்தார். 1995-இல் அவர் இறந்ததும், நண்பர்கள் அவருடைய மின்சக்கர நாற்காலியைக் காலியாகவே வாஷிங்டன் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுபோய் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார்கள்.

● மாற்றுத்திறனாளிகளைத் திரையில் எப்படிக் காட்டலாம் என்பது பற்றி 2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கு அது. ஊனத்தை இழிவுபடுத்தும் சிரிப்பு வேறு, ஊனத்தோடு வாழ்வதைப் புரியவைக்கும் சிரிப்பு வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. படம் எடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. திக்கிப் பேசுபவரையும் பார்வையற்றவரையும் கேலிக்கு இழுத்தே பல பத்தாண்டு நகைச்சுவைக் காட்சிகளை ஓட்டிய நம் தமிழ்த் திரையுலகினர் அந்தத் தீர்ப்பைப் படித்தே ஆகவேண்டும்.

● மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைக்கவேண்டும் என்பது இந்தியச் சட்டத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 29. அவர்களுடைய வரலாற்று அனுபவங்களைப் பதிவுசெய்து விளக்கும் அருங்காட்சியகத்தை நிறுவுவதும், மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள், எழுத்தாளர்களுக்கு உதவுவதும், கலையை எல்லாரும் அணுகும்படி செய்வதும் அரசுகளின், உள்ளாட்சிகளின் கடமை என்று அந்தப் பிரிவு அடுக்குகிறது. வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. சென்னை காமராஜர் சாலையில் 2022-இல் திறந்த ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ நல்ல தொடக்கம். ஆனால் அது இன்றைய உதவிக் கருவிகளைக் காட்டிச் சொல்லித்தரும் இடம்.

வரலாற்றுக்கு வேண்டிய பொருள் தமிழ்நாட்டில் நிறையவே உண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியது 1890-இல். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் தமிழை விரலால் படித்த பிள்ளைகளின் பலகைகளும் எழுத்தாணிகளும் பாடப் புத்தகங்களும் யார் யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று இப்போதே தேடத் தொடங்கவேண்டும்.